அந்தப் பக்கம் இருப்பது யாரென்று லைன் சொல்லாது

மயிலாடுதுறையில் இருக்கும் மதிப்புக்குரிய அத்தான் வைத்தியலிங்கம் அவர்களுக்கு, கோட்டுச்சேரியிலிருந்து மைத்துனன் முருகானந்தம் வணங்கி எழுதும் விவரம். இங்கு நானும் சந்திரலேகாவும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பயிருக்கு நல்லது, ஆபீஸுக்குக் கெடுதல். அங்கே தங்கள் மூட்டுவலியும் என் அக்காவின் கோபமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவல். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறேன். தங்களுக்கு அதில் சந்தேகம் இருக்காது. போன வாரம் எனக்கே கொஞ்சம் இருந்தது.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்போது போன் செய்தாலும் சொர்ணாம்பாள் அக்காதான் எடுக்கிறாள், எடுத்ததும் அழுகிறாள், அழுது முடித்ததும் வைத்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை குடவாசல் பக்கத்திலிருந்து மந்திரிக்கிற பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு இங்கே வரப்போவதாகவும், நான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு மயிலாடுதுறைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சந்திரலேகாவிடம் சொல்லியிருக்கிறாள். அத்தான், எப்படியாவது அந்தப் பயணத்தைத் தடுத்து நிறுத்துங்கள். நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். படித்தால் இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று தங்களுக்கே விளங்கிவிடும்.

நான் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். என் அறை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. திருவேட்டக்குடி போகிற ரோட்டில், ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்புறம், ஜன்னல் இல்லாத அறை. சுவர் எந்நேரமும் வியர்த்து வழியும். பட்டப்பகலிலும் வாயைத் திறந்தால் புகை வரும். அங்கே நான், ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ரூட்டர் என்கிற கறுப்புப் பெட்டி. ஊரெல்லாம் பிராட்பேண்டுக்கு மாறிய பிறகும் எங்கள் கம்பெனி மட்டும் ஃபிரேம் ரிலே என்ற பழைய லைனைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அந்த லைனின் மறுமுனையில், பாண்டிச்சேரித் தலைமை அலுவலகத்தில், மதியழகன் உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காகப் பழகியும் நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. கம்பெனி விழாவுக்கு நான் போன வருஷம் அவருக்குக் காய்ச்சல், அவர் வந்த வருஷம் எனக்குப் புயல் டியூட்டி. ஆனாலும் தினம் காலையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, "அண்ணே, லைன் இருக்கா?" என்று கேட்பார். நான் "இருக்கு" என்பேன். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் பொழுது விடிந்ததாகக் கணக்கு. இந்த ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து மதியழகன் போய்விட்டார். பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்தான் அவரை முதல்முறையாகப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிட உயரம் குறைவாக இருந்தார். அது என்னவோ மனதை மிகவும் சங்கடப்படுத்தியது.

அதோடு பாண்டிச்சேரி ஆபீஸையும் மூடிவிட்டார்கள். இனித் தலைமை அலுவலகம் சென்னை, லைனைச் சென்னைக்குத் திருப்பச் சொல்லியாயிற்று, பச்சை விளக்கு எரிந்ததும் இறால் இருப்பு ரிப்போர்ட்டை வழக்கம்போல் அனுப்ப வேண்டியது என்று உத்தரவு வந்தது. சில நாள் சிவப்பு விளக்கோடு லைன் செத்துக் கிடந்தது. பிறகு ஒரு மழைநாள் மத்தியானம், நான் சாப்பாட்டுக் கூடையைத் திறந்த நேரத்தில், சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கம்ப்யூட்டர் திரையில் எழுத்து விழுந்தது. லைன் இருக்கா?

அத்தான், அந்த அறை அதற்கு மேலும் குளிர முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சென்னைக்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு இங்கிலீஷ்தான் வரும். சாப்பாட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இருக்கு. யாரு?" என்று தட்டினேன். நான் தட்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது. "இருக்கு. யாரு?" நான் கேட்டதையே அது என்னிடம் திருப்பிக் கேட்டது. என் குரலே கிணற்றிலிருந்து எதிரொலிப்பது போல் இருந்தது. "முருகானந்தம், காரைக்கால்" என்று தட்டினேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, பயந்துகொண்டே வருவது போல் வந்தது. "முருகானந்தம் அண்ணன் இறந்துட்டாங்க. நான் நேர்ல போயிப் பாத்துட்டு வந்தேன்."

தாங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் எழுந்து ஐஸ் பிளான்ட்டுக்குப் போனேன். அங்கே மெஷின் ஓட்டும் முத்தையன் நீராவி மாதிரி எழும் குளிர்ப்புகைக்கு நடுவில் நின்றிருந்தான். "முத்தையா, நான் ஒனக்குத் தெரியிறனாடா?" என்று கேட்டேன். அவன் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யாரு சார் பேசுறது? பொகையில ஒண்ணும் தெரியல" என்றான். அத்தான், அந்த ஒரு நிமிஷம் நான் பட்ட பாட்டை எந்த விரோதியும் படக்கூடாது. அவன் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்து, "அடிக்கிதா பாரு" என்றேன். "நல்லாவே அடிக்கிது சார், டாக்டர்ட்ட காட்டுங்க" என்றான்.

மறுநாளும் அது வந்தது. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியா நான் அனுப்புனது ஒங்களுக்கு வந்துச்சா?" மதியழகன் கடைசியாக அனுப்பியது எனக்கு மனப்பாடம். திருவேட்டக்குடி வஞ்சிரக் கருவாடு கொஞ்சம் வாங்கி பாண்டிச்சேரி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லியிருந்தார். நானும் வாங்கி வைத்திருந்தேன். கண்ணில் நீர் தளும்ப, "வந்துச்சு. படிச்சேன். கெளம்ப வேண்டியதுதான் பாக்கி, அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு" என்று தட்டினேன். "அப்ப எம்மேல கோவம் இல்லியே அண்ணே?" என்று வந்தது. "ஒம்மேல எனக்கு என்ன கோவம்? ஒம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அதன் பிறகு அந்தப் பக்கம் எழுத்து வரவில்லை. ஆனால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரோ உட்கார்ந்து அழுவது போல் எனக்குப் பட்டது.

இதைச் சந்திரலேகாவிடம் சொன்னதுதான் தப்பு. "சனி ஒங்களுக்கு எங்கயோ தூரத்துல ஒக்காந்திருக்கான்னு நெனச்சேன். ஒங்க பொட்டியிலயே வந்து ஒக்காந்துட்டானே!" என்று திருநள்ளாறுக்கு இழுத்துப் போனாள். நளன் குளத்தில் முக்கியெடுத்து, உடுத்தியிருந்த சட்டை வேட்டியைக் கழற்றிப் போட வைத்து, புதுத்துணி உடுத்தி, எள் விளக்கு ஏற்றி, மனசு லேசாகி வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சட்டைப் பையில் ஆபீஸ் சாவி இருந்தது ஞாபகம் வந்தது. திரும்ப ஓடினால் கழற்றிப்போட்ட துணியெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, அத்தனையும் ஊர் ஊராக வந்தவர்களுடைய தோஷம். அதில் கையை விட்டுத் துழாவாதே என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து முத்தையனைக் கொண்டு பூட்டை உடைத்தேன். உள்ளே போனால் சென்னை மேனேஜரின் போன் அடித்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்த நாளிலிருந்து நான் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஒன்றுகூட அங்கே போய்ச் சேரவில்லையாம். "அனுப்புறேன் சார், போவுதே சார்" என்றேன். "போகுதுன்னா எங்க மிஸ்டர் போகுது? நாளைக்குள்ள சொல்லல, நீங்களும் போகலாம்" என்று வைத்துவிட்டார். நியாயமான கேள்வி. எங்கேதான் போகிறது?

லைன் கொடுத்த கம்பெனியில் சொன்னதும் ஹமீது என்ற என்ஜினீயர் வந்தார். பொறுமையான மனிதர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "சார், ஒங்க ரூட்டர் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா எங்க எக்ஸ்சேஞ்சக் கேக்கும், 'இருக்கியா?'ன்னு. எக்ஸ்சேஞ்ச், 'நான் இருக்கேன், அந்தப் பக்கமும் இருக்கு'ன்னு சொல்லும். அதுக்குத்தான் பச்சை லைட்டு. அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னு மட்டும் சொல்லாது. அதுக்கே தெரியாது" என்றார். அவர் தேநீர் குடித்தபடி அந்த லைனின் சூட்சுமத்தை விளக்கினார். தாங்கள் ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர், அதனால் எனக்குப் புரிந்த விதத்தில் தங்களுக்குச் சொல்கிறேன்.

காரைக்காலிலிருந்து பாண்டிச்சேரிக்கு நமக்கென்று தனி ரோடு போட முடியுமா? நடுவில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்த மாநிலமே கிடக்கிறது. அதனால் எல்லாரும் போகிற பொது ரோட்டிலேயே, இந்த வண்டி இங்கே கிளம்பி அங்கேதான் நிற்கும் என்று நிரந்தரமாக ஒரு பர்மிட் எழுதி வைத்துவிடுகிறார்கள். இரண்டு முனையில் இருப்பவர்களுக்கும் தங்களுக்கே தங்களுக்கான ரோடு மாதிரித் தோன்றும். உண்மையில் அப்படி ஒரு ரோடே கிடையாது. நாம் அனுப்புவதையெல்லாம் மூட்டை கட்டி ஏற்றுவார்கள், அந்த மூட்டைக்குப் பெயர்தான் ஃபிரேம். ஒன்று சின்ன மூட்டை, ஒன்று பெரிய மூட்டை. மேலே ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். அத்தான், அந்த நம்பர் போய்ச்சேரும் ஊரின் நம்பர் இல்லை. அது அந்த ஒரு ஸ்டாண்டில் மட்டும் செல்லும் நம்பர். சீர்காழியில் அதைக் கிழித்துவிட்டு வேறு நம்பர் ஒட்டுவார்கள், சிதம்பரத்தில் அதையும் கிழித்து இன்னொன்று. என்னுடைய அதே நம்பர் வேறொரு ஊரில் முன்பின் தெரியாத எவனுக்கோ இருக்கும். இந்த அளவு சரக்குக்குக் கட்டாயம் இடம் உண்டு என்று ஒரு பேச்சு. அதற்கு மேல் ஏற்றினால் மூட்டையில் ஒரு குறி போட்டுவிடுவார்கள், கூட்டம் அதிகமானால் குறி போட்ட மூட்டையைத்தான் முதலில் இறக்கிவிடுவார்கள். கூட்டமாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக அனுப்புங்கள் என்று முன்னாலும் பின்னாலும் ஜாடை காட்டுவதும் உண்டு. இதுவரைக்கும் எல்லாம் தங்கள் டிப்போ நடைமுறைதான். இனிமேல்தான் விபரீதம். வழியில் மூட்டை கிழிந்து போனால் அப்படியே தூக்கி வெளியில் எறிந்துவிட்டு வண்டி நிற்காமல் போகும். எறிந்ததை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அனுப்பியவனுக்கும் தெரியாது, காத்திருக்கிறவனுக்கும் தெரியாது. நின்று விசாரித்துக்கொண்டிருந்தால் வேகம் போய்விடுமாம். வந்ததா வரவில்லையா என்பதை இரண்டு முனையும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு மறுபடி அனுப்பிக்கொள்ள வேண்டியதுதானாம். தாங்கள் இப்படி ஒரு டிரிப் அடித்திருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

ஹமீது சார் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு ஏதேதோ கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சார், காரைக்கால்ல எங்ககிட்ட ரெண்டு முருகானந்தம் இருந்திருக்கீங்க" என்றார். இன்னொருவர் பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட்டின் கிளை ஆபீஸில் இருந்தாராம். அவருடைய லைனின் மறுமுனை நாகூர். அவரும் இந்த ஐப்பசி மழையில்தான் இறந்துபோயிருக்கிறார். அந்தக் கிளையை மூடி லைனை எடுக்கச் சொன்ன அதே வாரத்தில்தான் எங்கள் பாண்டிச்சேரி முனையை எடுக்கச் சொல்லும் விண்ணப்பமும் போயிருக்கிறது. ஆக ஒரு லைனில் காரைக்கால் முனை போயிற்று, இன்னொன்றில் பாண்டிச்சேரி முனை போயிற்று. மிச்சம் இருந்த இரண்டு பாதியும் முருகானந்தம் பேரில் இருக்கவே, எக்ஸ்சேஞ்சில் யாரோ இரண்டும் ஒரே ஆளுடையது என்று நினைத்து முடிச்சுப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தவரும் இரண்டு ஆபீஸுக்கும் ஒருவரே, ஒரே அச்சில் செய்து கொடுத்திருந்தார். அதனால் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இங்கிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வேர்க்கடலை தின்று முடிப்பதற்குள் வந்துவிடும் நாகூருக்கு, நான் தட்டியதெல்லாம் சென்னை எக்ஸ்சேஞ்சைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

பயம் போய்விட்டது, வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கத்தில் மதியழகன் இல்லை, உயிருள்ள யாரோ ஒருவர். அவர் கேட்டது எதைப் பற்றி? நான் "வந்துச்சு, படிச்சேன்" என்று சொன்னது எதற்கு? மேனேஜருக்கு விஷயத்தைச் சொல்லச் சொல்லி ஹமீது சாரைக் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். திருமலைராயன்பட்டினம் தாண்டி வாஞ்சூர் வந்தபோது ரோட்டோரம் இன்னும் தண்ணீர் நின்றது. நீரில் கருவேல மரங்கள் இடுப்பளவு நின்றுகொண்டு பஸ்ஸையே பார்த்தன.

நாகூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் மாடியில் அந்த ஆபீஸ். கம்ப்யூட்டர் முன்னால் முக்காடு போட்ட நடுவயது அம்மாள் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் ஆஸியா பீவி. மற்றவர்களெல்லாம் மேஜையை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்கள். காரணம் மேஜையின் மேலேயே இருந்தது, நான் அனுப்பிய இறால் ரிப்போர்ட்டுகள். தினமும் அங்கே பிரிண்டரில் தானாக அடித்து வந்திருக்கின்றன. 'ஐஸ் போதவில்லை. உடனே ஏற்பாடு செய்யவும். முருகானந்தம்.'

"ஐஸு பத்தலைன்னு மையத்தே, செத்துப்போனவரே எழுதி அனுப்புனா யாருண்ணே மாடியில இருப்பாங்க?" என்றார் ஆஸியா பீவி. தர்காவில் போய் துஆ கேட்டு வந்தாராம். நான் இங்கே குளத்தில் முங்கிய அதே நாளாக இருக்கும். ஒருவரை ஒருவர் விரட்ட நாங்கள் இருவரும் பட்ட பாட்டை நினைத்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நான் கேட்டேன். "அம்மா, கடைசியா அனுப்புனது வந்துச்சான்னு கேட்டீங்களே. அது என்ன?"

அவர் சிரிப்பு நின்றது. "அன்னிக்கி முருகானந்தம் அண்ணன் பைக்ல நாகூருக்குக் கெளம்புறதா இருந்தாங்க. வாஞ்சூர்கிட்ட ரோட்டுக்கு மேல தண்ணி ஓடுது, வராதீங்கன்னு தட்டி உட்டேன். பதில் வரல. போன் போட்டா மழையில எடுக்கல. அங்கனதான் வண்டியோட போயிட்டாங்க. சொன்னத அவங்க படிச்சாங்களா, இல்ல நான் லேட்டா சொன்னனா, அது தெரியாம நான் சோறு திங்கல, ஒறங்கல. அப்பறந்தான் நீங்க படிச்சேன்னு சொன்னீங்க. எம்மேல கோவம் இல்லன்னீங்க. அன்னிக்கித்தான் நான் ஒறங்குனேன்."

அத்தான், இத்தனை வயதில் ஒரு வார்த்தையை வாயிலிருந்து எடுக்க நான் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. சும்மா இருந்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். "அம்மா, நான் சொன்னது கருவாட்டப் பத்தி. ஒங்க அண்ணன் படிச்சாரான்னு எனக்குத் தெரியாது. லைனுக்கும் தெரியாது. மெஷினுக்கு வந்து சேந்துச்சான்னு வேணா ஹமீது சார் தேடிப் பாக்கலாம். மனுஷன் படிச்சானான்னு எந்த மெஷினும் சொல்லாதாம்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ரயில் ஒன்று வந்து நின்று போயிற்று. பிறகு, "தெரியாதுன்னு சொல்றதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"போன்லயே சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தண்ணியத் தாண்டித்தானே நீங்களும் வந்தீங்க. ஒக்காருங்க, டீ வரச் சொல்றேன்."

டீ வந்தது. தன் முருகானந்தம் அண்ணனைப் பற்றி அவரும், என் மதியழகனைப் பற்றி நானும், விளக்குப் போடும் நேரம் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் துக்கம் தீர்ந்துவிட்டதாக நான் எழுத மாட்டேன். இனித் தனியாக மாடியில் உட்கார வேண்டியதில்லை என்று கீழே போய் எல்லாரையும் அவரே மேஜையோடு மேலே அழைத்து வந்தார். மறுநாள் ஹமீது சார் அந்த முடிச்சை அவிழ்த்து என் லைனைச் சென்னையோடு சேர்த்துவிட்டார். மேனேஜருக்கு இறால் கிடைத்தது. என் வேலையும் தங்கியது.

ஆகவே அத்தான், இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடவும். அந்தப் பெரியவருக்கு வீண் சிரமம் கொடுக்க வேண்டாம். தங்கள் முட்டி நன்றாக மடங்கி நீளவும், அக்கா மனம் குளிரவும், தங்கள் வீட்டில் சகல சௌபாக்கியமும் நிறையவும் திருநள்ளாற்று ஈசனை வேண்டிக்கொள்கிறோம். சந்திரலேகா இருவரையும் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்பு மறவாத மைத்துனன்,
முருகானந்தம்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் ஆஸியா பீவி போன் செய்தார். "அண்ணே, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். மொத நாளு நீங்க ஏன் கூப்பிட்டீங்க?" என்றார். "நான் எங்கம்மா கூப்பிட்டேன்? நீங்க கூப்பிட்டீங்க, நான் யாருன்னு கேட்டேன்" என்றேன். "இல்லண்ணே. என் திரையிலதான் மொதல்ல 'லைன் இருக்கா?'ன்னு எழுத்து வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தானே நான் யாருன்னு கேட்டேன்" என்றார். உடனே ஹமீது சாரைக் கூப்பிட்டேன். அந்த லைனுக்கு இரண்டே முனைதான், மூன்றாவது ஆள் உள்ளே வர வழியே கிடையாது என்று உறுதியாகச் சொன்னார். பிறகு, "நெசமாவே ரெண்டு பேரும் கூப்பிடலியா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். ஆகவே மேலே எழுதியது எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் அக்காவையும் அந்தப் பெரியவரையும் கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பவும். ஹமீது சாரும் அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்.